அந்தக் கல்லைச் சாணை பிடிக்காதீர்கள்

போன வாரம் ஒரு விவசாயி துணியில் சுற்றி ஒரு கற்கோடரி கொண்டுவந்தார். உழும்போது கிடைத்ததாம். பிரித்துப் பார்த்ததும் எனக்கு மனசே விட்டுப்போயிற்று. விளிம்பு பளபளவென்று மின்னியது. “மூலிகைக் கல்லுன்னா உள்ள நிறம் மாறும்னாங்க சார், அதான் பட்டறையில கொடுத்து சாணை பிடிச்சேன்” என்றார். இந்த வருடம் இது மூன்றாவது கல்.

இந்த மூலிகைக் கதையை முதலில் விடுங்கள். இரும்பு இல்லாத காலத்தில் பச்சிலைச் சாறு ஊற்றிக் கல்லை மெழுகாக்கினார்கள் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். எந்தச் சாறும் கருங்கல்லை இளக்காது. இளக்கத் தேவையும் இல்லை, மணல் இருந்தது. ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் அது 7. கோடரி செய்த டோலரைட் என்ற கருங்கல்லின் முக்கியக் கனிமங்கள் 7-ஐ எட்டுவதில்லை. அதனால் மணல் தேய்க்கும், கல் தேயும். சாதாரண எஃகுக் கத்தியே குவார்ட்ஸைக் கீறாது. பிறகு இரும்பு எதற்கு?

முதலில் சில்லு பெயர்த்து வடிவம் எடுத்தார்கள். அப்புறம் அம்மி கொத்துவதுபோல் மேடுகளைக் கொத்திச் சமன் செய்தார்கள். கடைசியில் பாறையில் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்தார்கள். கர்நாடகத்தில் பல்லாரி அருகே சங்கனகல்லு-குப்கல் குன்றுகளில் கோடரிப் பட்டறையே இருந்தது. தேய்த்துத் தேய்த்துப் பாறையில் விழுந்த பள்ளங்களை இன்றும் அங்கே தடவிப் பார்க்கலாம். அது மந்திரமில்லை, பொறுமை. அந்தக் கைகளுக்கு உரிய பெருமையை ஏன் பச்சிலைக்குக் கொடுக்கிறோம்?

விளிம்பில் உள்ள மெல்லிய கீறல்கள்தான் தொல்லியல்காரர்களான எங்களுக்கு ஏடு. மரம் வெட்டியதா, பிடி எங்கே கட்டியிருந்தது என்று நுண்ணோக்கியில் தேடுவோம். சாணைக்கல் ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிடும். 2006-இல் மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் தோட்டத்தில் குழி தோண்டியபோது கிடைத்த கோடரியில் குறிகள் இருந்தன. அவை சிந்து எழுத்தா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. அதையும் தேய்த்திருந்தால்?

கிடைத்தால் கழுவாதீர்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம். கிடந்த இடத்தைப் படம் எடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். விற்காதீர்கள், உரிமம் இல்லாமல் பழம்பொருள் வியாபாரம் செய்வது சட்டப்படி குற்றம்.

மலைக் கிராமங்களில் மரத்தடியில் இந்தக் கற்களைப் பிள்ளையாராக வைத்துக் கும்பிடுகிறார்கள். அவற்றை எடுத்துவர வேண்டாம், கும்பிடட்டும். எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்ட மட்டும் யாரையும் விடாதீர்கள்.