கண்ணுக்குள்ள வைக்கிற ஸ்டென்ட், வச்ச பிறகு என்னென்ன தகராறு வரும்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆளுங்ககிட்ட கிளாக்கோமான்னா முழிப்பாங்க, கண்ணுல பிரஷர்னா புரிஞ்சிடும். கண்ணுக்குள்ள நிமிஷத்துக்கு சுமார் 2 மைக்ரோலிட்டர் தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும், அது கருவிழி ஓரத்துல இருக்குற சல்லடை வழியா வடிஞ்சு போகணும், லோங்காங் (சாக்கடை) அடைச்ச மாதிரி அது அடைச்சுக்கிட்டா பிரஷர் ஏறி பின்னாடி இருக்குற நரம்பு சாக ஆரம்பிச்சிடும். சொட்டு மருந்து பத்தலைன்னா ஸ்டென்ட், அதாவது அந்த தண்ணி வடியறதுக்கு கண்ணுக்குள்ள வைக்கிற குட்டி டியூப். "சின்ன ஒப்பரேஷன்தான்"னு சொல்றாங்க, வெட்டு சின்னதுதான், ஆனா அதுக்கப்புறம் செக்கப்புக்கு போகாம இருக்குறாங்க பாருங்க, அங்கதான் வினையே.

என்ன சிக்கல் வரும்ங்கிறது டியூப் தண்ணிய எங்க கொண்டு போய் விடுதுங்கிறதப் பொறுத்தது. ஐஸ்டென்ட், ஹைட்ரஸ்னு ரெண்டு வகை ஸ்டென்ட்டும் கண்ணோட சொந்த வடிகால்லயே உக்காரும், அந்த வடிகால் ரத்தக்குழாய்ல போய் சேருறதால அங்க இருக்குற அழுத்தத்துக்குக் கீழ கண் பிரஷர் அவ்வளவா இறங்காது, ஆனா அதே வழியா ரத்தம் திரும்பி உள்ள கசியலாம். பார்வை மங்கும், பயந்துடுவாங்க. தலைய உயர்த்தி வச்சுப் படுத்து, குனியாம, இருபது கிலோ செம்பனைக் குலை தூக்காம இருந்தா பெரும்பாலும் சில நாள்ல கரைஞ்சிடும். டியூப் வாய ரத்தக்கட்டியோ கருவிழித் திரையோ அடைச்சா லேசர் வச்சு திறந்து பாப்பாங்க.

ஸென்னு ஒரு ஸ்டென்ட், அது வேற ரகம், 6 மில்லிமீட்டர் நீளம், உள் துவாரம் 45 மைக்ரான், தண்ணிய வெள்ளை விழி மேல இருக்குற மெல்லிசு தோலுக்கு அடியில விடும். துவாரம் பாதியானா தடை பதினாறு மடங்கு ஏறும், அதனாலதான் பிரஷர் ஒரேடியா விழாம இருக்க இவ்வளவு சின்னதா செஞ்சிருக்காங்க. (இது பன்றி ஜெலட்டின்ல செஞ்சது, ஹலால் பாக்குறவங்க, சுத்த சைவம் எல்லாம் முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிக்கிறது நல்லது.) அப்படியும் முதல் சில நாள் டியூப் ஓரமா கசிஞ்சு பிரஷர் 6 mmHg-க்குக் கீழ போகலாம், விழித்திரைக்குப் பின்னாடி நீர் கோத்துக்கும், அப்போ ஸ்டீராய்டு, அட்ரோபின் சொட்டு போட்டு பொறுத்துப் பாப்பாங்க, சரியாகலைன்னா கண்ணுக்குள்ள ஜெல் ஏத்துவாங்க. மாசக்கணக்குல பாத்தா பெரிய தொல்லை தழும்புதான், உடம்பு காயத்த ஆத்துறேன்னு தண்ணி போற வழியையே மூடிடும். அதுக்குத்தான் ஒப்பரேஷன்லயே மைட்டோமைசின்னு தழும்பைத் தடுக்குற மருந்து வைக்கிறது, அதையும் மீறி மூடினா ஊசியால தழும்பைக் கிழிச்சு விடுறாங்க, இதெல்லாம் சாதாரணமா நடக்குறதுதான். கண்ணு சிவந்து, வலிச்சு, சீழ் வந்தா மட்டும் அன்னிக்கே ஓடணும், காலையில பாத்துக்கலாம்னு படுக்கக் கூடாது.

இன்னொண்ணு, ஸ்டீராய்டு சொட்டே சிலருக்கு பிரஷர ஏத்தும், ஸ்டென்ட் வேலை செய்யலைன்னு நினைச்சுக்குவாங்க, டாக்டர் மருந்த மாத்தினா இறங்கிடும், தானா நிறுத்திடாதீங்க.

சிக்கல் எல்லாம் உடனே தெரியாது. சைபாஸ்னு ஒரு ஸ்டென்ட் 2016-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கிச்சு, அஞ்சு வருஷக் கணக்கு வந்தப்போ கருவிழி உள்பக்க செல் கூடுதலா குறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சு 2018 ஆகஸ்ட்ல கம்பெனியே திரும்ப வாங்கிக்கிச்சு. ஏற்கெனவே வச்சவங்களுக்கு அந்த செல்ல எண்ணிப் பாத்துக்கிட்டே வராங்க, டியூப் நுனி கருவிழிப் பக்கம் நீட்டிக்கிட்டு இருந்து செல்லும் குறைஞ்சிக்கிட்டே போனா நுனிய வெட்டி விடுறதும் உண்டு.