கத்தி தீட்டும் ஆங்கிலம்: சீன மாணவர்கள் இடறும் இடம்

சிங்கப்பூரில் வேலைக்கு வந்திருக்கும் சீன நாட்டவர்களுக்கு மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வகுப்பில் பாதிப் பேர் உணவகச் சமையற்கட்டிலோ பட்டறையிலோ இருப்பவர்கள். இலக்கணத்தைவிட, கையில் இருக்கும் கருவிக்கான சொல்தான் அவர்களுக்கு முதலில் வேண்டும். அதில் கூர் தீட்டுவது பற்றிய சொற்கள் வந்தாலே ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள்.

சீனத்தில் 'மோ' என்ற ஒரே வினை நிறைய வேலை பார்க்கிறது. கல்லில் கத்தி தீட்டினாலும் மோ, மாவு அரைத்தாலும் மோ, புதுச் செருப்பு காலைக் கடித்தாலும் மோ. தீட்டுகல், தீட்டும் கம்பி, தீட்டும் பொறி ஆகிய மூன்றின் பெயரும் 'மோதாவ்' என்றே தொடங்கும். தாவ் என்றால் கத்தி. ஆங்கிலமோ எவ்வளவு உலோகம் போகிறது, எதில் தேய்க்கிறோம் என்று பார்த்து வினையை மாற்றிக்கொள்ளும். சாணைச் சக்கரத்தில் வைத்துக் கரைத்தால் கிரைண்ட். கல்லில் தேய்த்துப் புதிதாகக் கூர் கொண்டுவந்தால் ஷார்ப்பன். இருக்கிற கூரை நேர்த்தி செய்தால் ஹோன். சவரக் கத்தியைத் தோல்வாரில் இழுத்தால் ஸ்ட்ராப்.

சமையற்கட்டில் உதவியாளராக இருக்கும் ஒரு மாணவர் சொன்னது இது. மதிய நேரம், ஆர்டர் குவிகிறது. தலைமைச் சமையற்காரர் கத்தியை நீட்டி 'ஹோன் இட்' என்றிருக்கிறார். இவர் கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, குமிழி அடங்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அவர் எதிர்பார்த்தது கம்பியில் பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு, அரை நிமிட வேலை. திட்டோடு போயிற்று. கிரைண்ட் என்று புரிந்துகொண்டிருந்தால் செலவு வேறு. சாணைச் சக்கரத்தில் அழுத்திய கார்பன் எஃகுக் கத்தி சூடேறி விளிம்பில் நீலம் பாயும். அந்த இடம் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பதம் போன விளிம்பில் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

சரி, ஆங்கிலம் பேசுபவர்கள் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. மழமழப்பான கம்பி பெரும்பாலும் மடங்கிய விளிம்பை நிமிர்த்துகிறது, அவ்வளவுதான். அதையே ஷார்ப்பனிங் ஸ்டீல் என்று பெயர் ஒட்டி விற்கிறார்கள். வெட்ஸ்டோன் இன்னொரு கண்ணி. தண்ணீரில் ஊறப்போடுவதால் அது ஈரக்கல் என்றே மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். எழுத்துக்கூட்டலில் டபிள்யூவுக்குப் பின்னால் ஒரு எச் ஒளிந்திருக்கிறது. எச் உள்ள அந்த 'வெட்' (whet) என்ற சொல்லுக்கு அர்த்தம் தீட்டு என்பது. எண்ணெய் விட்டுத் தீட்டும் கல்லும் வெட்ஸ்டோன்தான்.

'ஒரு வேலைக்கு எதற்கு இத்தனை சொல்?' என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு அவர்கள் மொழியிலிருந்தே ஒன்றை எடுத்துக் காட்டுவேன். 'ஷி சிங்' என்னும் பழம்பாடல் தொகுப்பில் பண்புள்ள ஒருவனை வருணிக்கும் வரிகளில் நான்கு வினைகள் வருகின்றன. பழைய உரையின்படி எலும்புக்கு ஒன்று, தந்தத்துக்கு ஒன்று, ஜேட் என்னும் பச்சைக்கல்லுக்கு ஒன்று, சாதாரணக் கல்லுக்கு ஒன்று. அதில் கல்லுக்கு உரியதுதான் மோ. முதல் இரண்டு வினைகள் சேர்ந்த 'சியெட்ஸுவோ' இன்று மேசைப்பந்து ஆடுபவர்கள் வாயில்கூடப் புழங்குகிறது: வா, ஒரு ஆட்டம் ஆடிப் பழகிப் பார்க்கலாம் என்ற பொருளில். இதைச் சொன்னபின் முணுமுணுப்பு கொஞ்சம் குறையும்.

கத்தியிலிருந்து திறமைக்கு வரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. கஷ்டத்தில் புடம்போட்டு ஆளை உருவாக்குவது 'மோலியன்'. அதை அப்படியே பெயர்த்து, 'இந்த வேலையில் என்னை நானே கிரைண்ட் செய்துகொண்டேன்' என்று ஒருவர் விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். படிப்பவருக்கு இயந்திரத்தில் அகப்பட்டவர்தான் நினைவுக்கு வருவார். திறமைக்கு ஹோன் அல்லது ஷார்ப்பன். துருப்பிடித்த மொழியைத் தட்டி எழுப்ப பிரஷ் அப். எழுதிய கடிதத்தைச் செப்பனிட பாலிஷ். வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், அது எதோடு சேரும் என்பதையும் ஒரே வரியில் எழுதிவைக்கச் சொல்கிறேன். மொழிபெயர்ப்புச் செயலியில் ஒற்றைச் சொல்லைத் தட்டினால் இந்தச் சேர்க்கை பெரும்பாலும் கிடைக்காது.

தாங் காலத்துக் கவிஞர் ஜியா தாவ் (779–843) 'பத்தாண்டு ஒரு வாளைத் தீட்டினேன்' என்று பாடினார். நீண்ட நாள் உழைப்பைச் சொல்லச் சீனர்கள் இன்றும் எடுத்தாளும் வரி. நேர்முகத் தேர்வில் இதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் எதிரில் இருப்பவர் வாள் எங்கே என்று தேடுவார். பத்தாண்டு எந்த வேலையைப் பழகினோம் என்று நேராகச் சொல்லிவிடுவதே நல்லது.

அப்புறம் மழுங்கல். மழுங்கிய கத்தியை பிளன்ட் என்றும் சொல்லலாம், டல் என்றும் சொல்லலாம். அமெரிக்கர்களிடம் டல் அதிகம். மனிதர் என்று வந்தால் இரண்டும் பிரிந்துவிடும். பிளன்ட் ஆன ஆள் முகத்துக்கு நேரே பேசுபவர். டல் ஆன ஆள் அலுப்பூட்டுபவர் அல்லது மந்தமானவர். சீனத்தில் மழுங்கலைக் குறிக்கும் 'துன்' புத்தி மந்தத்துக்கான சொல்லிலும் இருக்கிறது. அதனால் 'நான் பிளன்ட்டாகவே சொல்கிறேன்' என்று மேலாளர் ஆரம்பித்ததும், தன்னையே ஏன் மந்தபுத்தி என்கிறார் என்று ஒரு மாணவி குழம்பிப்போனார். கத்திக்கு இரண்டில் எதைச் சொன்னாலும் சமையற்கட்டில் புரிந்துவிடும். மேலாளரைப் பற்றி எழுதும்போது மட்டும் இரண்டையும் தொடவேண்டாம் என்று வகுப்பில் சொல்லிவைத்திருக்கிறேன்.