அஃபோர்டபிள் ஹவுசிங்: மலிவு வீடா, கட்டுப்படியாகும் வீடா?

‘அஃபோர்டபிள் ஹவுசிங்’ என்பதைப் பத்திரிகைகள் ‘மலிவு விலை வீடு’ என்று எழுதுகின்றன. அரசாணைகளிலும் விளம்பரங்களிலும் அதுவே நிலைத்துவிட்டது. வடசென்னையில் இந்தச் சொல்லை யாரும் பேசிக் கேட்க முடியாது. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் அரசு கட்டிக்கொடுத்த எந்த வீடும் ‘அவுசிங் போர்டு’தான், அதை எந்த வாரியம் கட்டியிருந்தாலும் சரி.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். ‘அஃபோர்ட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘நிறைவேற்று, முடித்துக்காட்டு’ என்ற பொருளில் வழங்கிய வினை. ‘முன்னோக்கி’ என்று பொருள்படும் ‘ஃபோர்த்’ அதற்குள் இருக்கிறது. காசு சம்பந்தப்பட்ட பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதாவது, ஒருவரால் ஒரு காரியத்தைச் செய்து முடிக்க முடியுமா என்பதுதான் அதன் அடிப்படை. வாங்குகிற ஆளைப் பற்றியது அந்தப் பேச்சு. ‘மலிவு’ என்பதோ சரக்கைப் பற்றியது. இங்கேதான் நம் மொழிபெயர்ப்பு தடம் மாறிவிட்டது.

சரியான தமிழ்ச் சொல்லுக்காக அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. காசிமேட்டு மீன் ஏலத்தில் கூடையின் விலை ஏறிக்கொண்டே போனால், தெருவில் கொண்டுபோய் விற்கிற பெண்மணி ‘எனக்குக் கட்டாதுப்பா’ என்று ஒதுங்கிவிடுவார். அவர் மீனைக் குறை சொல்லவில்லை, விலை அநியாயம் என்றும் சொல்லவில்லை. அவருடைய முதலுக்கும் வரும்படிக்கும் அந்த விலை ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். எழுத்துத் தமிழில் இதுவே ‘கட்டுப்படியாகாது’. ‘மலிவு விலை வீடு’ என்று எழுதினால் யாருக்கு என்ற கேள்வியே எழாது. ‘கட்டுப்படியாகும்’ என்றதுமே ‘யாருக்கு?’ என்று நான்காம் வேற்றுமை வந்து நிற்கும். அதனால்தான் ‘கட்டுப்படியாகும் வீடு’ என்பதே பொருத்தம் என்பேன்.

இது வெறும் சொல் வம்பு இல்லை. ஜிஎஸ்டி விதிகளின்படி சென்னை போன்ற பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்கு மிகாத, 45 லட்சம் ரூபாய்க்கு மேற்போகாத வீடுதான் ‘அஃபோர்டபிள்’. 2019 ஏப்ரல் முதல் கட்டுமானத்தில் இருக்கும் இத்தகைய வீட்டுக்கு 1 சதவீத வரி. இன்னொரு பக்கம், 2015இல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் என்றால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள், அதாவது மாதம் 25,000. சரி, இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவோம். 45 லட்சத்தில் 9 லட்சத்தைக் கையிலிருந்து போட்டு, மீதி 36 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை சுமார் 31,000. முழு வருமானத்தையும் வங்கியில் கொட்டினாலும் 6,000 துண்டு விழும். ஒரே ‘அஃபோர்டபிள்’தான், ஒரு விதி விலையைப் பார்க்கிறது, இன்னொன்று ஆளைப் பார்க்கிறது.

விலை மட்டும் குறைந்தாலும் போதாது. காசிமேட்டில் விடிவதற்கு முன்பே வேலைக்கு நிற்க வேண்டியவருக்குச் சென்னையின் தெற்கே இருக்கும் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தால், 30 கிலோமீட்டர் அளவு தூரத்தை அந்த நேரத்தில் எப்படிக் கடப்பது? பஸ் செலவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், போன வேலைக்கு மாற்று வேலை எல்லாம் வீட்டின் விலையில் சேர்ந்தவை. இலவசமாகக் கொடுத்த வீடுகூடக் கட்டுப்படியாகாமல் போகலாம். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டவர்களின் புகார்களில் இது முக்கியமானது.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘சோஷியல் ஹவுசிங்’ வேறு பொருள். லத்தீனில் ‘சோசியஸ்’ என்றால் கூட்டாளி. சந்தை விலைக்கு விடாமல், அரசோ லாப நோக்கில்லாத அமைப்போ கட்டித் தேவையைப் பார்த்து ஒதுக்கும் வீடு இது. பெரும்பாலும் குறைந்த வாடகைக்கு. ‘சமூக வீடு’ என்று நேராகப் பெயர்த்தால், நம் ஊரில் ‘எந்தச் சமூகத்துக்கு?’ என்றுதான் கேட்பார்கள். ‘பொது வீடமைப்பு’ என்பது தெளிவாக இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழர்கள் 1960இல் தொடங்கிய தங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தைச் சுருக்கி ‘வீவக வீடு’ என்கிறார்கள். நாம் ‘போர்டு வீடு’ என்கிறோம். இரண்டிலும் கட்டியவர் பெயரே வீட்டின் பெயராகிவிட்டது.

நம் ‘போர்டு’ உண்மையில் இரண்டு. ஒன்று, 1961இல் வந்த வீட்டுவசதி வாரியம். மற்றது, ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்ற வாசகத்தோடு 1970இல் பிறந்த குடிசை மாற்று வாரியம். ‘ஸ்லம் கிளியரன்ஸ் போர்டு’ என்ற ஆங்கிலப் பெயரில் இருந்த ‘கிளியரன்ஸ்’ அப்புறப்படுத்துவதைத்தான் சொன்னது. தமிழில் ‘அகற்று’ என்று போடாமல் ‘மாற்று’ என்று போட்டவர் யாரோ, நல்ல காரியம் செய்தார். குடிசை போனால் அங்கே வீடு வர வேண்டும் என்ற வாக்குறுதி பெயரிலேயே ஏறிவிட்டது. 2021இல் அது ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆனது. கௌரவமான பெயர்தான், ஆனால் வாய்க்குள் நுழையவில்லை.

கடைசியாக ‘ஹவுசிங் சப்ளை’ என்பதில் வரும் ‘சப்ளை’. கோப்புகளில் ‘வழங்கல்’ என்று இருக்கும். அது ரேஷன் வாசனை அடிக்கிறது. ‘வீடுகளின் எண்ணிக்கையைப் பெருக்குதல்’ என்று நேராகச் சொன்னால் போதும். சொன்ன பிறகு கணக்கும் நேராக இருக்க வேண்டும். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் 24 வீடுகளோடு இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதே ஆண்டு புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதுக் கட்டடத்தின் பூச்சு, கையால் சுரண்டினாலே உதிர்ந்தது. பழைய பிளாக்கை இடித்து அதே இடத்தில் அதே எண்ணிக்கையில் கட்டினால், அது மறுகட்டுமானம். வசிப்பவர்களுக்கு அது அவசியம்தான். ஆனால் வரிசையில் நிற்கும் வேறொரு குடும்பத்துக்கு அதனால் ஒரு வீடும் கூடவில்லை. எனவே அறிவிப்பில் ‘புதிய வீடுகள்’ என்று வந்தால், இடிபட்டவற்றைக் கழித்துவிட்டு மீதியைத்தான் ‘பெருக்கம்’ என்று எழுத வேண்டும்.