நியூயார்க் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1914: கட்டைவிரலுக்கு 60 வாரம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆலையில் கை போனால், முதலாளிமீது வழக்குப் போடுவது ஒன்றுதான் வழி. அங்கே முதலாளியின் வக்கீலிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும்: தொழிலாளிதான் கவனக்குறைவாக இருந்தான், தவறு கூட வேலை செய்தவனுடையது, முதலாளியுடையது அல்ல, ஆபத்து தெரிந்தேதான் வேலைக்கு வந்தான். மூன்றில் ஒன்று நின்றாலே வழக்கு தள்ளுபடி.

இதை மாற்ற நியூயார்க் மாநிலம் ஒரு குழு அமைத்தது. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஒரே ஆண்டில் வேலையிடத்தில் இறந்த 526 பேரைப் பற்றி ஆய்வு செய்த கிறிஸ்டல் ஈஸ்ட்மன் அதில் இருந்தார். 1910இல் சட்டமும் வந்தது. ஆனால் ஐவ்ஸ் என்ற ரயில்வே ஊழியரின் வழக்கில், தவறு செய்யாத முதலாளியிடம் பணம் வாங்குவது அவர் சொத்தைப் பறிப்பதாகும் என்று மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று அதை ரத்து செய்தது. மறுநாள் டிரையாங்கிள் சட்டை ஆலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். 1913 நவம்பரில் வாக்காளர்கள் மாநில அரசியலமைப்பையே திருத்த ஒப்புதல் அளித்த பிறகுதான் புதிய சட்டத்துக்கு வழி பிறந்தது. 1914 ஜூலை 1 முதல் இழப்பீடு நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தில் யார் தவறு என்ற கேள்வியே இல்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்ததா என்பது மட்டுமே கேள்வி. குடிபோதை மட்டுமே காரணம் என்றாலோ, வேண்டுமென்றே காயப்படுத்திக்கொண்டாலோ பணம் இல்லை. பதிலுக்குத் தொழிலாளி, வழக்குப் போட்டுப் பெருந்தொகை கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தார்.

கணக்கு அப்போது இப்படி இருந்தது. சராசரி நாள்கூலியை 300ஆல் பெருக்கினால் ஆண்டு வருமானம். அதை 52ஆல் வகுத்தால் வாரக்கூலி. அதில் மூன்றில் இரண்டு பங்கு இழப்பீடு. நாளுக்கு 2 டாலர் வாங்கியவருக்கு ஆண்டுக்கு 600, வாரத்துக்கு 11.54, இழப்பீடு வாரம் 7.69 டாலர். பொதுவாக உச்சவரம்பு வாரம் 15 டாலர், குறைந்தது 5 டாலர். கூலியே 5 டாலருக்குக் கீழ் என்றால் முழுக் கூலி. முதல் 14 நாளுக்கு மருத்துவம் தவிர எதுவும் கிடையாது. கூலியை நம்பிப் பிழைக்கும் குடும்பம் அந்த இரண்டு வாரத்தைக் கடனில்தான் ஓட்டியாக வேண்டும். சட்டத்தின் இரக்கமில்லாத இடம் இது.

உறுப்பு இழப்புக்குத் தனிப் பட்டியல். கை முழுதும் போனால் 312 வாரம், கால் 288, மணிக்கட்டோடு போனால் 244, பாதம் 205, ஒரு கண் 128. கட்டைவிரல் 60, ஆள்காட்டி 46, நடுவிரல் 30, மோதிரவிரல் 25, சுண்டுவிரல் 15. நுனிக்கணு மட்டும் வெட்டுப்பட்டால் விரலில் பாதி. அதற்கு மேல் போனால் முழு விரல். ஆக, மேலே சொன்ன 2 டாலர் கூலிக்காரருக்குக் கட்டைவிரல் நுனி 30 வாரம், சுமார் 231 டாலர். முழுக் கட்டைவிரல் சுமார் 461 டாலர். படுக்கையில் கிடந்த வாரங்களுக்கு இதற்கு மேல் தனிப் பணம் கேட்க முடியாது.

தொழிலாளி இறந்தால் மனைவிக்குக் கூலியில் 30 சதவீதம், சாகும்வரை அல்லது மறுமணம்வரை. மறுமணத்தின்போது இரண்டு ஆண்டுத் தொகை ஒரே தடவையில். 18 வயது வரை பிள்ளைக்கு 10 சதவீதம் வீதம். மொத்தம் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. எனவே நான்காவது பிள்ளையிலேயே வரம்பு இடித்துவிடும். ஈமச்செலவுக்கு 100 டாலர் வரை.

கேட்கும் முறையில்தான் பலர் சறுக்கினார்கள். வேலை செய்ய முடியாமல் போன 10 நாளுக்குள், இறப்பு என்றால் 30 நாளுக்குள், முதலாளிக்கும், இழப்பீட்டை முடிவு செய்யும் மாநில ஆணையத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஓராண்டுக்குள் மனு. மருத்துவத்தை 60 நாள் வரை முதலாளி தர வேண்டும். ஆனால் முதலில் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சொந்த டாக்டரிடம் போனால் அந்தப் பில் தொழிலாளி தலையில். முதலாளிக்கு மூன்று வழி: அரசு நிதியில் காப்பீடு, தனியார் காப்பீடு, அல்லது பணபலத்தை நிரூபித்துத் தானே பொறுப்பேற்பது. எதையும் செய்யாதவர்மீது தொழிலாளி வழக்கே போடலாம். அப்போது அந்த மூன்று பதில்களும் செல்லாது. காப்பீட்டுப் பணத்தைக் கூலியில் பிடிப்பது குற்றம். 'இழப்பீடு கேட்கமாட்டேன்' என்று எழுதி வாங்கிய காகிதத்துக்கு மதிப்பே இல்லை.

ஆணையம் நீதிமன்றச் சாட்சிய விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. அதை நம்பி ஏமாந்ததற்கு உதாரணம் கேரல் வழக்கு. ஐஸ் வண்டிக்காரரான அவர், 300 பவுண்டு ஐஸ்கட்டி வயிற்றில் விழுந்ததாக மனைவியிடமும் டாக்டர்களிடமும் சொல்லிவிட்டு இறந்துபோனார். உடனிருந்தவர்கள் எதையும் பார்க்கவில்லை. உடம்பில் கன்றிய தடமும் இல்லை. அவர் சொன்னதாகப் பிறர் சொல்லும் பேச்சு மட்டும் போதாது என்று 1916இல் நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. அதனால் அடிபட்டவுடன் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவது, அந்த முதல் நிமிடத்தில் செய்ய வேண்டிய வேலை.

சட்டத்துக்கு வெளியே நின்றவர்களும் நிறைய. அது ஆபத்தான தொழில்கள் என்று 42 பிரிவுகளைப் பட்டியலிட்டிருந்தது. பண்ணை வேலையாட்களும் வீட்டு வேலையாட்களும் அதில் இல்லை. விபத்துக்குத்தான் பணம், மெல்ல மெல்ல வரும் ஈய நஞ்சுக்கு இல்லை. தொழில்நோய்கள் 1920இல்தான் சேர்ந்தன. 1917இல் ஒயிட் வழக்கில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. அதே ஆண்டில் ஜென்சன் வழக்கில், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குபவர் கடல்சார் சட்டத்துக்கு உட்பட்டவர், மாநில இழப்பீடு அவருக்குப் பொருந்தாது என்றும் சொன்னது. துறைமுகத் தொழிலாளிகளுக்கான கூட்டாட்சிச் சட்டம் வர 1927 ஆயிற்று.