நான்காம் நாள் காற்று

கைட்சர்ஃபிங்கோ (கைட் எனும் பெரிய பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று நீரில் சறுக்குவது), விண்ட்சர்ஃபிங்கோ (பாய் பொருத்திய பலகையில் சறுக்குவது) கற்க வருபவர்கள் பயிற்றுநரான என்னிடம் முதலில் கேட்பது, காற்று எப்போது வரும் என்பதுதான். எத்திசையிலிருந்து வரும், எவ்வளவு சீராக வீசும் என்று கேட்பவர்கள் குறைவு. விடுப்பு எடுத்து, கருவிகளைச் சுமந்து வந்து, மூன்று நாட்கள் அசையாத நீரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, நான்காம் நாள் மரக்கிளைகள் ஆடத் தொடங்கியதும் இவை எதுவும் நினைவில் நிற்பதில்லை. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது களத்துமேட்டுக்குப் பொருந்தும். கடலில் இறங்கவிடாமல் நான் தடுக்க நேர்ந்தவர்களில் பலர் இப்படிக் காத்துக் களைத்தவர்களே.

முன்னறிவிப்புச் செயலிகளை நானும் நாள்தோறும் பார்க்கிறேன். ஆனால் அவை காட்டும் எண், பல கிலோமீட்டர் அகலமுள்ள பரப்புக்கு, தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் கணிக்கப்பட்ட சராசரி. பக்கத்துக் குன்றும் கட்டடமும் காற்றை எப்படித் திருப்பும் என்பது அதில் தெரியாது. பல கணிப்பு மாதிரிகள் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். முரண்பட்டால் பயணத்தை ஓரிரு நாள் தள்ளிவைப்பதே நல்லது.

சராசரி வேகத்தைவிட, காற்று திடீரென வேகமெடுக்கும் வீச்சின் உச்சத்தையே நான் உற்றுக் கவனிப்பேன். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 12 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று 24 நாட் ஆகும்போது இழுவிசை இரு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. சராசரி 16 நாட், உச்சம் 26 நாட் என்றிருக்கும் நாளில் பதினாறுக்கு ஏற்ற பெரிய கைட்டை ஏற்றுபவர், ஒவ்வொரு வீச்சிலும் தாம் கணக்கிட்டதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட இழுப்பைச் சந்திக்கிறார். அதுவும் ஏற்றும் நேரத்தில், காலடியில் மணலும் பின்னால் சுவர்களும் இருக்கையில் நேர்ந்தால் விளைவு கொடியது. கைட்டைப் பொறுத்தவரை நீரைவிடக் கரையே ஆபத்தான இடம்.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையோரத்தில் அலை எழாது. நீர் தகடுபோல் பளபளக்கும். கற்பதற்கு உகந்த நாள் என்றே தோன்றும். உண்மையில் மரங்களையும் கட்டடங்களையும் தாண்டி வருவதால் அது கரையருகே துண்டு துண்டாக வீசி, தொலைவு செல்லச் செல்ல வலுக்கிறது. பாய் நனைந்து கனத்தோ, கைட் நீரில் விழுந்து மீண்டும் எழாமலோ போனால், அந்தக் காற்று ஆளைக் கடலுக்குள்ளேயே கொண்டுபோகும். மீட்புப் படகு காத்திராத இடத்தில் இத்தகைய காற்றில் எவரும் இறங்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். கரைக்கு இணையாகவோ, சற்றே கரையை நோக்கிச் சாய்ந்தோ வீசும் காற்றுக்குக் காத்திருங்கள். தெளிந்த வெயில் நாட்களில், நிலம் சூடேறிய பின் கடற்காற்று நண்பகலை ஒட்டி எழுந்து பிற்பகலில் வலுப்பதுண்டு; காலையில் தவறான திசையில் வீசியதே சில மணி நேரத்தில் திரும்பிவிடக்கூடும்.

இடிமேகம் தொலைவில் திரண்டாலே கைட்டை இறக்கிவிட வேண்டும், ஏனெனில் மழை வந்து சேருமுன்பே அதன் சூறைக்காற்று வந்துவிடும்.

ஒருமுறை, நான்காம் நாளில் பொறுமையிழந்த மாணவர் ஒருவரிடம் அரை மணி நேரம் மட்டும் என்னுடன் நின்று நீரைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். வெண்ணுரை ஓரிடத்தில் தோன்றி அடுத்த நிமிடமே மறைவதையும், நீரைக் கருக்கவைக்கும் வீச்சுகள் கரையிலிருந்து வெளிநோக்கி ஓடுவதையும் அவரே சுட்டிக்காட்டினார். பிறகு கைட்டுக்குக் காற்றடிக்காமல், வடங்களை மணலில் விரித்து முடிச்சுகளைச் சரிபார்த்தோம். ஆபத்தில் கைட்டை உடனே விடுவிக்கும் பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை இழுத்துப் பழகினார். அன்று மாலை வரை காற்று திசை மாறவில்லை. அவர் இறங்கவும் இல்லை.