மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்: சூட்டில் இருந்த சூட்சுமம்

“தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதாக அப்பா சொல்கிறார். பெற்றோல் விற்கும் விலைக்கு என் காரிலும் ஊற்றிப் பார்க்கலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அப்பா சொல்வது உண்மை. ஆனால் உங்கள் காரில் ஊற்றிவிடாதீர்கள்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. புதிய வண்டிகள் முடங்கின. ஹயரிங் கார்களாக இருந்த ஒஸ்ரின் ஏ போட்டி (A40), மொறிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலக் கார்கள் மட்டும் மண்ணெண்ணெய்ப் புகையோடு தெருவில் ஓடின. கராஜ்காரரின் கைத்திறன் அதில் பாதி. மற்றப் பாதி, 1940களில் இங்கிலாந்தில் அந்த எஞ்சினை வார்த்த விதம்.

உள்ளெடுத்தல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என்ற நான்கு அடிப்பும் பள்ளியில் படித்ததுதான், அதை விட்டுவிடுவோம். இங்கே கவனிக்க வேண்டியது, திரவம் எரிவதில்லை, ஆவிதான் எரியும் என்பது. பெற்றோல் ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்குகிறது. மண்ணெண்ணெய்க்கு 150 பாகை வேண்டும். முழுவதும் ஆவியாக 300 பாகை வரை போகவேண்டும். நம்மூர் வெயிலில்கூட ஒரு தட்டில் ஊற்றிய மண்ணெண்ணெய் தீக்குச்சிக்கு எளிதில் பற்றாது. பெற்றோமக்ஸ் விளக்கை ஏற்றியவர்களுக்கு இது தெரியும்: முதலில் கிண்ணத்தில் ஸ்பிரிற் ஊற்றி எரித்துக் குழாயைச் சூடாக்க வேண்டும். அதன்பின் விளக்கின் சூடே அடுத்த துளியை ஆவியாக்கிக்கொள்ளும்.

பழைய ஒஸ்ரின் செய்வதும் இதேதான். பொனற்றைத் திறந்து பாருங்கள். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரிலிருந்து கலவை உள்ளே போகும் குழாயும், எரிந்த புகை வெளியே வரும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். சைலன்சருக்குப் போகும் புகை பல நூறு பாகைச் சூட்டோடு வெளியேறுகிறது. அந்தச் சூடு நடுவிலுள்ள இரும்புச் சுவரைத் தாண்டி உட்குழாயின் அடித்தளத்தைச் சுடவைக்கிறது. காபரேற்றர் தெளிக்கும் துளிகளில் பெரியவை காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் நேரே போய் அந்தச் சூடான தளத்தில் மோதி ஆவியாகின்றன. இங்கிலாந்துக் குளிரில் பெற்றோலே சரியாக ஆவியாகாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. சுன்னாகத்து வெயிலில் பெற்றோலுக்கு அது தேவையே இல்லை. காற்றை விரியச்செய்து வலுவைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். பிறகு வந்த எஞ்சின்களில் உள்வழியை ஒரு பக்கமும் வெளிவழியை மறுபக்கமும் வைத்துவிட்டார்கள். பழைய வார்ப்பில் இருந்த அந்தக் ‘குறை’தான் முற்றுகைக் காலத்தில் காரை ஓடவைத்தது. ஒரு இரும்புச் சுவரைப் பார்த்து இவ்வளவு நன்றி தோன்றுவது எனக்கு இந்த ஒரு இடத்தில்தான்.

ஆகவே ஓட்டும் முறை இப்படி. சிறிதளவு பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, உட்குழாயில் கைவைக்க முடியாத சூடு வரும்வரை ஓடவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். தோட்டக்காரருக்கு இது புதிதல்ல. கிணற்றடியில் மண்ணெண்ணெய் வோட்டர் பம்ப் வைத்திருந்தவர்கள் இதையே செய்தார்கள். பேகுசன் உழவு இயந்திரத்தையும் இதே ஒழுங்கில் ஓடும்படி தொழிற்சாலையிலேயே செய்து விற்றிருக்கிறார்கள்.

அடுத்த சிக்கல், நொக்கிங். நெருக்கும்போது வாயு சூடாகிறது. 7.2க்கு 1 என்ற நெருக்கல் விகிதமுள்ள (கலவையை 7.2இல் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கும்) ஏ போட்டியில் அது ஏறத்தாழ 280 பாகையைத் தொடும். இப்போதைய எஞ்சின்களில் விகிதம் 10ஐத் தாண்டுவதால் 330 பாகைக்கு மேல் போகும். மண்ணெண்ணெயோ 210 பாகையளவில் பொறியில்லாமலே தீப்பிடிக்கக்கூடியது. ஆனால் நினைத்த கணத்தில் பிடிக்காது, சற்றுத் தாமதிக்கும். சூடும் அழுத்தமும் ஏற ஏற அந்தத் தாமதம் சுருங்கும். பிளக் பொறி கிளப்பிய சுவாலை போய்ச் சேருமுன் மிச்சக் கலவை தானாக வெடித்தால் ‘டக் டக்’ என்று சத்தம் வரும், பிஸ்ரன் உடையவும் கூடும். தப்ப வழி, நெருக்கலைக் குறைப்பதும் பொறியைப் பிந்தவிடுவதும்.

நெருக்கலைக் குறைக்கக் கணக்கு ஒன்று போடலாம். ஏ போட்டியின் ஒரு சிலிண்டர் 300 கன சென்ரிமீற்றர். பிஸ்ரன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் 48. ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் இன்னொரு மில்லிமீற்றர் கனம் காஸ்கெற் சேர்த்தால் அது ஏறத்தாழ 52 ஆகும், விகிதம் 6.8க்கு இறங்கும். பொறியைப் பிந்தவிட, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் மொறிஸ் மைனரின் லூக்காஸ் டிஸ்ரிபியூட்டரில் கையால் திருகும் சிறு குமிழ் உண்டு. அதை ‘ஆர்’ (R, பிந்தவிடல்) என்ற எழுத்தின் பக்கம் திருப்ப வேண்டும். ஏற்றத்தில் இழுவை குறையும், யாழ்ப்பாணத்தில் ஏற்றம் ஏது?

மண்ணெண்ணெய் பெற்றோலைவிடத் தடிப்பானது, காபரேற்றரின் ஜெற் என்ற சிறு துளையில் மெதுவாக இறங்கும். மைனரின் எஸ்.யூ. காபரேற்றரில் அடியிலுள்ள அறுகோண நட்டை ஒருமுறைக்கு ஒரு பட்டை வீதம் கீழே இறக்கினால் கலவையில் எரிபொருள் கூடும். சரிபார்க்க, காபரேற்றருக்குள் இருக்கும் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் சற்றே கூடி அடங்கினால் சரி. கூடியபடியே நின்றால் கலவையில் எரிபொருள் அதிகம். உடனே விழுந்தால் போதாது.

எரிபொருள் தாங்கிக்குள் பூச்சி உருண்டை (நப்தலின்) போட்டால் நன்றாக ஓடும் என்ற நம்பிக்கையை முழு மூடநம்பிக்கை என்று தள்ளமாட்டேன். நப்தலின் நொக்கிங்கைத் தாங்கும் வகைச் சேர்மம்தான். ஆனால் கரைந்தது குளிரும்போது திரும்பப் பளிங்காகி ஜெற்றை அடைக்கும். இதையெல்லாம் அளந்து பார்க்க ஒரு பழைய எஞ்சினும் வலு அளக்கும் மேடையும் போதும். கிளிநொச்சியில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் இருக்கும்போதே இதற்குச் சிறு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் காருக்கு வருவோம். உட்குழாய் பிளாஸ்ரிக், சூடேறாது. இன்ஜெக்ரர் தெளிக்கும் மண்ணெண்ணெய் திரவமாகவே சிலிண்டருக்குள் போகும். எரியாமல் வெளியேறுவது, புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி மாற்றியைக் கெடுக்கும். இலாபத்தையும் நம்பமுடியாது: 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது.

அந்தக் காலத்துக் கார்களும் விலை கொடுத்தன. சந்தியில் நெடுநேரம் ஐடிலில் நின்றால் உட்குழாய் ஆறி, வெள்ளைப் புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். ஆவியாகாதது சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குள் இறங்கும். அதனால் டிப்ஸ்ரிக்கில் எண்ணெய் மட்டம் குறையாமல் கூடும். முகர்ந்தால் மண்ணெண்ணெய் மணக்கும். கூடியதைக் கண்டால் அன்றைக்கே எண்ணெயை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெயரிங் தேயும். வீட்டுக்கு ஒரு கட்டை (மைல்) தூரம் இருக்கும்போதே பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். காபரேற்றர்க் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நிற்க எஞ்சினை அணைத்தால், அடுத்தநாள் காலை கிண்ணத்தைக் கழற்றி ஊற்றித்தான் ஸ்ரார்ட் செய்யலாம்.