உயிர்த்தெழுதல்: சொல்லுக்குள் இருக்கும் வழக்கு

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல்லைத் தேடிப் போனால் முதலில் கண்ணில் படுவது, அங்கே ‘உயிர்’ இல்லை என்பதுதான். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று நாம் படிக்கிற பெரும்பாலான இடங்களில் கிரேக்கம் ‘எழுந்தார்’ அல்லது ‘எழுப்பப்பட்டார்’ என்று மட்டும் சொல்கிறது. உயிரைச் சேர்த்தது தமிழ். இதைத் தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் இயேசுவின் உயிர்த்தெழுதல் வரலாற்றில் நடந்ததா என்று வாதாடுகிறவர்கள், எந்தச் சொல்லின் மேல் நின்று வாதாடுகிறோம் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் கேட்ட விவாதங்களில் பாதி, ஒரே சொல்லை இருவர் இரண்டு பொருளில் பிடித்துக்கொண்டதால் நீண்டவை.

கிரேக்கத்தில் இதற்கு இரண்டு சொற்கள். ஒன்று ‘அனஸ்தாசிஸ்’: ‘அன’ என்றால் மேலே, ‘ஸ்தாசிஸ்’ என்றால் நிற்றல். ஆக, எழுந்து நிற்றல். உட்கார்ந்தவர் எழுவதற்கும் இதே சொல்தான். இன்னொன்று ‘எகெய்ரோ’ என்ற வினை. தூங்குகிறவரை எழுப்புவது, விழுந்தவரைத் தூக்கிவிடுவது என்று இதற்கும் அன்றாடப் பொருள்தான். படகில் தூங்கிய இயேசுவைப் புயலின்போது சீடர்கள் எழுப்பினார்களே, அங்கும் நற்செய்தி எழுதிய மாற்கு எடுத்தாண்டது இந்த வினையைத்தான்.

தூக்கத்தையும் சாவையும் ஒரே சொல்லால் குறிப்பது தமிழருக்குப் புதிதல்ல. ‘துஞ்சுதல்’ இரண்டுக்கும் பொது. புறநானூற்றில் ‘சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன்’ என்றால், அந்தப் பாண்டியன் சித்திரமாடத்தில் இறந்தான் என்று பொருள். ‘உறங்குவது போலும் சாக்காடு’ என்ற குறளும் நமக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் குறளின் அடுத்த அடி வேறு பக்கம் திரும்புகிறது: ‘உறங்கி விழிப்பது போலும் பிறப்பு’. வள்ளுவருக்கு விழிப்பு என்பது பிறப்பு. புதிய ஏற்பாட்டில் பல கடிதங்கள் எழுதிய பவுலுக்கு விழிப்பு என்பது இறந்த அதே ஆள் எழுவது. அதனால்தான் உயிர்த்தெழுதலை ‘மறுபிறப்பு’ என்று எழுதக் கூடாது. இரண்டும் வேறு வேறு நம்பிக்கைகள்.

அந்தக் காலத்துக் கிரேக்கர்களுக்கு அனஸ்தாசிஸ் தெரிந்த சொல்தான். தெரிந்ததாலேயே ஏற்க முடியாத சொல்லாகவும் இருந்தது. கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் நாடகம் ஒன்றில், செத்தவனுடைய இரத்தத்தை மண் குடித்துவிட்டால் அவனுக்கு அனஸ்தாசிஸ் இல்லை என்று அப்பொல்லோ தேவனே சொல்கிறான். அந்த நாடகத்தில் வழக்கு விசாரணை நடப்பது ஏதென்ஸின் அரியோபாகு என்ற இடத்தில். சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே அரியோபாகுவில் பவுல் நின்று இறந்தோர் எழுவதைப் பற்றிப் பேசியதாகவும், சிலர் கேலி செய்ததாகவும் புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூல் சொல்கிறது. எனவே, ‘பழங்காலத்து மக்கள் எதையும் நம்பிவிடுவார்கள்’ என்ற வாதம் இங்கே அவ்வளவு எளிதில் நிற்காது.

யூதர்களிடமும் ஒருமித்த கருத்து இல்லை. மண்ணில் தூங்குகிறவர்கள் விழித்தெழுவார்கள் என்கிறது தானியேல் நூல். பரிசேயர் அதை ஏற்றார்கள், சதுசேயர் மறுத்தார்கள். ஏற்றவர்களும் எதிர்பார்த்தது கடைசி நாளில் எல்லோரும் எழுவதை. நடுவில் ஒருவர் மட்டும் எழுவார் என்பது புதிய பேச்சு.

சரி, தமிழுக்கு வருவோம். பழைய கத்தோலிக்க விசுவாசப் பிரமாணத்தில் (நம்பிக்கை அறிக்கையில்) ‘சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்’ என்று வரும். ‘உத்தானம்’ வடசொல், ‘உத்’ என்றால் மேலே, ‘ஸ்தான’ என்றால் நிற்றல். கிரேக்க ‘ஸ்தாசிஸ்’, வடமொழி ‘ஸ்தா’ இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. அனஸ்தாசிஸுக்கு இவ்வளவு ஒட்டி நின்ற சொல் தமிழ்க் கிறிஸ்தவத்தில் வேறு இல்லை. இன்று அது வழக்கொழிந்துவிட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் யாருக்கும் புரியாத சொல்லை மீட்டுக் கொண்டுவந்தும் பயனில்லை.

இப்போது கத்தோலிக்கர் ‘உடலின் உயிர்ப்பு’ என்கிறார்கள். ‘உயிர்த்தல்’ என்பதன் பழைய பொருள் மூச்சுவிடுதல். ‘நாகம் உயிர்ப்பக் கெடும்’ என்கிறது குறள்; பாம்பு மூச்சுவிட்டாலே எலிப்படை காலி. ஆக உயிர்ப்பு என்றால் மூச்சு. நல்ல, சிறிய, தமிழான சொல். வழிபாட்டுக்கும் பாட்டுக்கும் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் அதில் எழுதல் இல்லை. கிரேக்கத்தின் மையமே அதில் விடுபட்டுப் போகிறது.

‘உயிர்த்தெழுதல்’ இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது: உயிர்த்து, எழுதல். மூச்சு திரும்பியது, ஆள் எழுந்தார். மூலத்தைவிட ஒரு படி அதிகமாகவே சொல்கிறது. வழக்கு தொடங்குவதும் இந்த இடத்தில்தான்.

இந்த விவாதத்தில் கையில் இருக்கும் எழுத்துகளில் மிகப் பழையவற்றில் ஒன்று பவுலின் முதலாம் கொரிந்தியர் கடிதம், ஏறத்தாழ கி.பி. 54. மாற்கு சுமார் 70இல், மற்ற மூன்று நற்செய்திகள் அதற்குப் பிறகு என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கணிப்பு. கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில் பவுல், ‘நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும்’ என்று தொடங்குகிறார். அடைந்தது, ஒப்புவித்தது என்பவை மரபு கைமாறுவதைக் குறிக்கும் சொற்கள். தாமே எழுதிய வரிகளாக அவர் அவற்றைத் தரவில்லை. தமக்கு முன்பே இருந்ததை எடுத்துச் சொல்கிறார். பவுல் எருசலேமில் கேபாவோடு, அதாவது பேதுருவோடு, பதினைந்து நாள் தங்கியதாகக் கலாத்தியர் கடிதத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வரிகள் சிலுவைச் சாவுக்குச் சில ஆண்டுகளுக்குள்ளேயே உருவானவை என்ற முடிவுக்கு, நம்பிக்கையில்லாத ஆய்வாளர்கள் பலரும் வருகிறார்கள். கதை பல தலைமுறை கழித்து முளைத்தது என்று சொல்ல அங்கே இடமில்லை.

ஆனால் அந்த வரிகள் என்ன சொல்கின்றன? மரித்தார், அடக்கம் செய்யப்பட்டார், எழுப்பப்பட்டார். கிரேக்கத்தில் கடைசிச் சொல் ‘எகேகெர்தாய்’, செயப்பாட்டு வினை. எழுப்பியவர் கடவுள் என்பது உள்ளே மறைந்திருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பு அதை ‘உயிர்த்தெழுந்து’ என்று செய்வினையாக்கிவிட்டது. அப்புறம் வருகிறது ‘தரிசனமானார்’. கேபாவுக்குத் தரிசனமானார், பன்னிருவருக்கு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு, கடைசியாக ‘எனக்கும்’. காலியான கல்லறையைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் இல்லை. அடக்கம் செய்யப்பட்டவர்தான் எழுப்பப்பட்டார் என்றால் கல்லறை காலிதானே என்கிறது ஒரு பக்கம். அதே அதிகாரத்தில் பவுல் ‘ஆவிக்குரிய சரீரம்’ என்கிறாரே, தமக்குக் கிடைத்த அனுபவத்தையும் அதே வினையால் சொல்கிறாரே என்கிறது மறுபக்கம். இரண்டுமே பொருட்படுத்த வேண்டிய வாதங்கள்.

நற்செய்திகள் கல்லறையைக் கொண்டுவருகின்றன, கூடவே முரண்களையும். கல்லறைக்குப் போன பெண்கள் மாற்கில் மூவர், மத்தேயுவில் இருவர், யோவானில் மகதலேனா மரியாள் மட்டும். சீடர்கள் இயேசுவைக் கண்ட மலை மத்தேயுவில் கலிலேயாவில் இருக்கிறது. லூக்காவில் எல்லாம் எருசலேமையும் சுற்றுப்புறத்தையும் விட்டுப் போவதில்லை. மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் சுவடிகளில் கிடையாது. அங்கே நூல் பெண்கள் பயந்து ஓடுவதோடு நின்றுவிடுகிறது. ஆனால் யோவானை இன்னும் கிட்டப் போய்ப் படியுங்கள். தனியாகப் போன மரியாள் பேதுருவிடம் ஓடிவந்து சொல்வது: ‘அவரை வைத்த இடம் எங்களுக்குத் தெரியவில்லை’. ‘எனக்கு’ அல்ல, ‘எங்களுக்கு’. கூட இருந்த பெண்களை யோவான் சொல்லாமல் விட்டதன் தடயம் இது என்று சிலர் வாசிக்கிறார்கள். பெண்களின் எண்ணிக்கையை முரண் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் இந்த ஒரு பன்மையையும் எடைபோட வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், நிகழ்ச்சிக்கு ‘உயிர்த்தெழுதல்’ என்ற சொல்லே இருக்கட்டும். நாவில் பழகிவிட்டது, பொருளும் கெடவில்லை. வினையை எடுத்து விவாதிக்கும்போது ‘எழுப்பப்பட்டார்’ என்று சொல்லுங்கள். இயேசு சாவிலிருந்து எழுப்பிய லாசருவுக்கு ‘உயிர் பெற்றார்’ போதும். அவர் பழைய வாழ்வுக்குத் திரும்பியவர், மறுபடி சாக வேண்டியவர்.

மாற்ற வேண்டியது ‘தரிசனமானார்’ என்பதைத்தான். தரிசனம் என்றதும் தமிழ் வாசகர் மனம் தெய்வக்காட்சிக்குப் போய்விடும். வழக்கு பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மூலத்தில் இருப்பது ‘ஓஃப்தே’, காணப்பட்டார். ஆபிராமுக்குக் கர்த்தர் தோன்றியதற்கும் கிரேக்க வேதாகமத்தில் இதே சொல். சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் முன்னால் மோசே வந்து நின்றதாக அப்போஸ்தலர் நடபடிகள் 7ஆம் அதிகாரம் சொல்கிறதே, அங்கும் இதே சொல். தெய்வக்காட்சிக்கும் பொருந்தும், ஆள் நேரில் வந்து நிற்பதற்கும் பொருந்தும். ‘காணப்பட்டார்’ என்று எழுதினால் வழக்கைச் சொல்லே தீர்த்துவிடாது.